இடைசெவல் தந்த கு. அழகிரிசாமி

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற வழியில் இடைசெவல் இருக்கிறது. எங்க எப்போதும்வென்றான் மாதிரியே மழைக்கு வானத்தைப் பார்க்கிற கரிசல் பூமி. அங்கேதான் 1923-இல் கு. அழகிரிசாமி பிறந்தார். அதே ஊர் கி. ராஜநாராயணன் அவருக்கு உயிர்ச் சிநேகிதர். வீட்டில் பேச்சு தெலுங்கு, எழுதினதெல்லாம் தமிழ்! பத்திர ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டுச் சென்னை போய்ப் பத்திரிகைகளில் உழைத்தார். மலேயாவில் 'தமிழ் நேசன்' பத்திரிகையிலும் இருந்தார். 1970-இல் 46 வயதில் காலமானார். 'அன்பளிப்பு' தொகுதிக்குச் சாகித்திய அகாதெமி பரிசு வந்தபோது வாங்க அவர் இல்லை.

அந்த 'அன்பளிப்பு' கதையை அவசியம் படியுங்கள். பிள்ளைகளோடு பிரியமாய்ப் பழகும் ஒருவர் டைரி பரிசு கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. பிறகு அவரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு டைரியை நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். கதை சொல்வது டைரி கொடுத்தவர்தான். ஆனா நம்ம மனசு பூராவும் அந்தப் பையன்கிட்ட போயிருது.

இதைப் படிக்கும் முன்னால் ஒரு லீவுக்குப் புது டிராஃப்டரோடு வீட்டுக்குப் போனேன். தீப்பெட்டி ஆபீஸ் போய் எனக்குப் பீஸ் கட்டுகிற அக்கா அதைத் தொட்டுப் பார்க்க வந்தா. அழுக்காயிரும்னு தடுத்துட்டேன். கையை இழுத்துக்கிட்டுப் பேசாம உள்ளே போயிட்டா. கதை படிச்ச ராத்திரி, அன்றைக்கு நடந்ததை அக்கா சொல்ற மாதிரி நோட்டில் எழுதிப் பார்த்தேன். ரெண்டு பக்கம் வந்தது. இன்னும் அவகிட்டே காட்டலை.