டூப் வேண்டாம் என்ற ஜெயன்: சோழவரத்தில் ஹெலிகாப்டரில் தொங்கி உயிரை விட்ட ஹீரோ!

விருதுநகர்: சிவகாசி, ராஜபாளையம், செங்கோட்டை வழியாக கொல்லம் போகும் ரயில் பாதை நம்ம ஊர்க்காரர்களுக்கு அத்துப்படி. அந்தப் பாதையின் மறுமுனையான கொல்லத்தில் 1939ல் பிறந்தவர் கிருஷ்ணன் நாயர். ஜெயன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். டூப் போடாமல் சண்டை போட்டே மலையாள சினிமாவைக் கலக்கியவர்.

சினிமாவுக்கு வரும் முன் சுமார் 15 வருடம் கடற்படையில் வேலை. அங்கே முறுக்கேறிய உடம்புதான் அவருக்கு மூலதனம். 1974ல் சாபமோட்சம் படத்தில் தலைகாட்டினார். அப்புறம் வில்லன், அடியாள் என்று சின்னச் சின்ன வேடங்கள். 1979ல் ஹரிஹரன் இயக்கிய சரபஞ்சரம் ஓடு ஓடென்று ஓட, ஹீரோ ஆகிவிட்டார். மறுவருடம் ஐ.வி.சசியின் அங்காடி அவரை உச்சாணிக் கொம்பில் உட்கார வைத்தது. அதே 1980ல் மகேந்திரனின் பூட்டாத பூட்டுகள் மூலம் தமிழுக்கும் வந்தார்.

கிராபிக்ஸ் எல்லாம் இல்லாத காலம். கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாயணுமா, யானையோடு மல்லுக்கட்டணுமா, ஜெயனே இறங்கிவிடுவார். ரசிகர்கள் விசில் அடித்ததே அதுக்குத்தான்.

1980 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரம். பைக், கார் ரேஸ் முன்பு நடந்ததே, அதே பழைய விமான ஓடுதளம்தான். பி.என்.சுந்தரம் இயக்கிய கோளிளக்கம் படத்தின் கிளைமாக்ஸ். சுகுமாரன் (நடிகர் பிருத்விராஜின் அப்பா) பைக் ஓட்ட, பின் சீட்டில் எழுந்து நிற்கும் ஜெயன், தாழப் பறக்கும் ஹெலிகாப்டரின் அடிக்கம்பியைத் தாவிப் பிடித்து, உள்ளே இருக்கும் வில்லன் பாலன் கே.நாயரோடு மோத வேண்டும்.

காட்சி நன்றாகவே வந்துவிட்டது. டைரக்டருக்கும் திருப்தி. ஜெயனுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. இன்னொரு டேக் எடுக்கலாம் என்று அவரே கேட்டார். பட்டாசு ஆலையில் மருந்து அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புரியும். நூறு தடவை நல்லபடியாக முடிந்த வேலைதான் நூற்றியோராவது தடவை காலை வாரும்.

ஜெயன் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஹெலிகாப்டர் நிலை தடுமாறித் தரையில் மோதியது. தலையில் பலத்த அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அப்போது அவருக்கு 41 வயசு.

கேரள தியேட்டர்களில் அப்போது ஜெயன் நடித்த தீபம் ஓடிக்கொண்டிருந்தது. சாவுச் செய்தி வந்தபோது, இது படத்துக்கான விளம்பரம் என்றே பலரும் நினைத்தார்களாம். கொல்லம் முளங்காடகத்தில் உடல் தகனம் ஆனபோது கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை. விபத்து அல்ல, சதி என்று வதந்தி வேறு. அதே ஹெலிகாப்டரில் அடிபட்ட பாலன் கே.நாயரையும் சந்தேகப்பட்டார்கள், பாவம். எதுவும் நிரூபணம் ஆகவில்லை.

கோளிளக்கம் 1981ல் வெளியானது. சோழவரத்தில் எடுத்த கிளைமாக்ஸும் படத்தில் இருக்கிறது. ஜெயன் டப்பிங் பேசவில்லை. திரையில் கேட்பது ஆலப்பி அஷ்ரப்பின் குரல்.