ஏர்ஹார்ட் அம்மையாரின் மஞ்சள் விமானம்

ஒருவர் தம் கைப்படச் செய்த பொருளை அவரிடமே நேரிற் சென்று விலைக்குப் பெறுவோர், அப்பொருளை மட்டும் பெறுவதில்லை. அதன் குறைகளையும், அக்குறைகளை அறிந்து தீர்க்கவல்ல துணையையும் ஒருங்கே பெறுகின்றனர். அட்லாண்டிக் பெருங்கடலை விமானத்தில் தனியே கடந்த முதற் பெண்மணியென உலகம் போற்றும் அமீலியா ஏர்ஹார்ட் அம்மையாரின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். அவர்தம் பிற்காலச் செயல்களைப் பலரும் அறிவர். அவற்றிற்கு வித்தாயமைந்த முதல் விமானத்தை அவர் வாங்கிய வரலாற்றை அறிவார் சிலரே. அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

அம்மையார் 1897-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள் அமெரிக்காவின் கான்ஸஸ் மாகாணத்து ஆச்சிஸன் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் எட்வின் ஒரு வழக்கறிஞர். ஆயினும் குடிப்பழக்கத்தால் அவர் தொழிலில் நிலைபெறாராயினமையின், குடும்பம் ஊர்விட்டு ஊர் பெயர நேர்ந்தது. முதல் உலகப்போரின் இறுதிக்காலத்தே, கனடா தேசத்து டொராண்டோ நகரில் காயமுற்ற வீரர்க்குத் தொண்டு செய்த அம்மையார், பின்னர் மருத்துவம் பயில எண்ணிக் கொலம்பியா பல்கலைக்கழகம் புகுந்தார். அதனையும் இடையில் விடுத்துக் கலிபோர்னியாவிலிருந்த பெற்றோரை அடைந்தார். ஆங்கே 1920-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், 10 டாலர் கட்டணஞ் செலுத்தி, 10 நிமிட நேரம் ஒரு விமானத்திற் பயணியாகப் பறந்தார். நிலத்தைவிட்டு எழுந்த சில நொடிகளிலேயே, தாம் பறக்கக் கற்றே தீரவேண்டுமென்னும் உறுதி அவருள்ளத்தே பிறந்தது.

1921-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த கின்னர் விமானக்களத்தில், நீட்டா ஸ்நூக் என்னும் பெண் விமானியிடம் அவர் பாடங்கேட்கத் தொடங்கினார். ஆசிரியையும் மாணவியும் ஏறத்தாழ ஒத்த வயதினர். வண்டி செல்லும் எல்லை மட்டும் வண்டியில் வந்து, எஞ்சிய நெடுவழியை நடந்தே கடந்து அவர் களத்தை அடைவார். பாடத்திற்குரிய பணத்தைத் தேடும்பொருட்டுத் தொலைபேசிக் கம்பெனியொன்றில் வேலைக்கமர்ந்தார்.

அக்களத்தின் உரிமையாளர் பெர்ட் கின்னர் என்பவர். பறப்பிப்பதினும் விமானங்களைப் படைப்பதிலேயே அவருக்கு வேட்கை மிகுதி. அவர் தம் களத்திலேயே இருவர் அமரக்கூடிய சிறியதோர் இரட்டைச்சிறகு விமானத்தைச் செய்து முடித்து, அதற்கு ஏர்ஸ்டர் எனப் பெயரிட்டிருந்தார். நீரின்றிக் காற்றினாலேயே குளிரும் மூன்று சிலிண்டர் யந்திரம், 60 குதிரைச் சக்தியுடன் அதனை இயக்கிற்று. பாடம் நிகழ்ந்த பழைய கனக் விமானத்தை நிலத்தில் நகர்த்தவேண்டின் ஆட்துணை வேண்டும். ஏர்ஸ்டரையோ அம்மையார் ஒருவரே வாற்புறத்தைத் தூக்கி வேண்டிய திசையில் திருப்பிவிடலாம். அது விரைவாக எழும்பும், விரைவாக மேலேறும். அவர் அதன்மேற் பெருவிருப்புக் கொண்டார்.

ஆனால் அதனை வாங்கற்கவென்று தடுத்தோர் பலர். இவ்வளவு இலேசான விமானம் காற்றின் அசைவுக்கெல்லாம் ஆடும்; புதிதாகக் கற்பவர்க்கு இது தகாது என்பது ஆசிரியையின் கருத்து. யந்திரமோ இன்னும் சோதனைநிலை கடவாதது. அதன் அதிர்ச்சியால், சுக்கான்கட்டையில் வைத்த கால்கள் சில நிமிடங்களுள் மரத்துப்போகும். தடுத்தோர் கூறியவற்றுள் பொய்யாவது ஒன்றுமில்லை. அவற்றையெல்லாம் அறிந்தே அம்மையார் அதனை வாங்கத் துணிந்தார் என்பது நாம் கருதத்தக்கது.

விலை 2,000 டாலர். அவரிடம் அத்தொகை இல்லை. தாமீட்டிய பொருளோடு தாயாரும் தங்கையும் உதவிய பொருளையுஞ் சேர்த்து, 1921-ஆம் ஆண்டுக் கோடையில், தமது 24-ஆம் பிறந்தநாளையொட்டி அவ்விமானத்தைத் தமதாக்கிக்கொண்டார். ஆயினும் அதனை நிறுத்திவைக்கும் கொட்டகைக்கு வாடகை கொடுப்பதாயின், சம்பளம் முழுவதும் அதிலேயே கரைந்துபோம். இவ்விடத்தே விற்றவரும் வாங்கியவரும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். வாங்க வருவோர்க்குக் காட்டும்பொருட்டுக் கின்னர் அவ்விமானத்தைப் பயன்படுத்திக்கொள்வார். அதற்கீடாகக் கொட்டகை இடம் இலவசம். இதனால் அம்மையாரின் செலவு குறைந்தது. கின்னருக்கோ தம் படைப்பு மாற்றார் கையில் எங்ஙனம் இயங்குகின்றதென்பதை நாடோறும் கண்ணெதிரே காணும் வாய்ப்புக் கிட்டிற்று. மஞ்சள் வண்ணம் பூண்ட அவ்விமானத்திற்குக் கேனரி என்னும் சிறுபறவையின் பெயர் வழங்கலாயிற்று.

அதன்பின் அம்மையார் பயின்றது பறத்தல் மட்டுமன்று. யந்திரத்திற்கு நேர்ந்த சிறு நோய்களையெல்லாம் நாடிபிடித்தறிந்து தீர்க்கவேண்டியிருந்தது. அதன் வளர்ச்சியில் தமக்கும் ஒரு சிறு பங்குண்டென்பதே அக்காலத்தில் தமக்கு வாய்த்த பேரின்பமென அவர் பின்னாளில் எழுதினார். ஜான் மான்டிஜோ என்னும் மற்றோர் ஆசிரியரிடமும் பயின்றபின் முதன்முறை தனியே எழுந்தபோது, அதிர்ச்சிதாங்கியொன்று முறிந்து இடச்சிறகு தாழ்ந்தது. அதனைச் செப்பனிட்டு மீண்டும் எழுந்து 5,000 அடி உயரஞ் சென்று திரும்பினார். 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், முத்திரையிட்ட உயரமானியுடன் 14,000 அடி ஏறிப் பெண்டிருள் அதுகாறும் எவரும் எய்தாத உயரத்தை எய்தினார். மற்றுமொருமுறை உயரப் பறக்கையில், தீப்பொறியை ஒழுங்குசெய்யும் நெம்புகோல் கழன்றமையின், யந்திரம் சட்டத்தைவிட்டுக் குதித்துவிடுமோவென அஞ்சுமளவு அதிர்ந்தது. நிலைமையை உணர்ந்து அவர் தாமதமின்றிக் கீழிறங்கினார். 1923 மே மாதத்தில் சர்வதேச விமானச் சங்கத்தின் அத்தாட்சி பெற்றார். அமெரிக்கப் பெண்டிருள் அதனைப் பெற்றவருள் அவர் 16-ஆமவர்.

இன்பம் நீடிக்கவில்லை. நேவாடா மாகாணத்துச் சுரங்கமொன்றில் இட்ட குடும்பச் செல்வம் அழிந்தது. பெற்றோர் மணவாழ்க்கையும் முறிந்தது. கேனரியையும், பின்னர்க் கொண்ட மற்றொரு கின்னர் விமானத்தையும் விற்றுவிட்டு, 1924-இல் மோட்டார் காரொன்றில் தாயாரை ஏற்றிக்கொண்டு கண்டத்தைக் குறுக்கே கடந்து பாஸ்டன் நகர் சேர்ந்தார். ஆங்கே குடியேறிய ஏழைமக்களிடையே சமூகத்தொண்டு செய்துவந்தார். அந்நிலையிலும் கின்னரோடு பூண்ட நட்பு அறவில்லை. அவர்தம் விமானங்களைப் பாஸ்டன் வட்டாரத்தில் விற்கும் பிரதிநிதியாக அம்மையாரே விளங்கினார். ஒரு பொருளின் குறைகளை உள்ளவாறறிந்து அதனோடு உழன்றவரினும், அதற்காகப் பேச உரிமையுடையார் யாவர்?

1928-இல் பயணியாகவும், 1932 மே மாதத்தில் நியூபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்துக்குத் தனியராகவும் அம்மையார் அட்லாண்டிக்கைக் கடந்தார். தனித்துச் சென்ற அவ்விரவில் உயரமானி பழுதுற்றது. புகைபோக்கும் குழாய் பிளந்து தீநாக்குகள் தோன்றின. அன்று உள்ளங் கலங்காது அவர் விமானத்தைச் செலுத்தியதைக் கேட்குங்கால், அதிரும் மூன்று சிலிண்டர் யந்திரத்தோடு அவர் போராடிய இளமைநாட்கள் நம் நினைவிற்கு வருகின்றன. 1937-இல் உலகைச் சுற்றும் பயணத்தில் கராச்சியிலும் கல்கத்தாவிலும் இறங்கிச் சென்றவர், ஜூலை 2-ஆம் நாள் பசிபிக் பெருங்கடலில், துணைவர் பிரெட் நூனனோடு காணாமற்போயினார். துணிவு எஞ்ஞான்றும் காப்பாற்றும் என்பதன்று இவ்வரலாறு கூறுவது.

எனினும் நம் மாணவர் இதனிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. புதியதொன்றைப் பிறர் செம்மைசெய்து முடிக்குமட்டும் காத்திருந்து நுகர்வோரே உலகிற் பெரும்பாலர். செய்தவர் கையின் சூடு ஆறாமுன்னரே அதனை ஏற்று, அவரோடு நின்று அதன் குறைகளைக் களைவோர் மிகச் சிலர். அச்சிலராலேயே கலைகளும் கருவிகளும் வளர்ந்துவந்துள்ளன. கையில் நிறைந்த பொருளில்லாத ஓரிளம்பெண் அச்சிலருள் ஒருவராக முன்வந்தார் என்பதை நாம் மறவாதிருப்போமாக.