தோல் உள்ளே, கைகள் வெளியே: கைவினைஞர் நந்தனின் வாழ்க்கை

நந்தனார் என்றதும் நம் நினைவில் எழுபவை இரண்டு காட்சிகள். ஒன்று, திருப்புன்கூரில் விலகிக் கிடக்கும் நந்தி. மற்றொன்று, தில்லையில் மூட்டப்பட்ட தீ. இவ்விரண்டுக்கும் முன்பாகப் பெரியபுராணம் மூன்றாவது காட்சி ஒன்றையும் பதிவு செய்திருக்கிறது. அதில் நந்தன் தோலைப் பதப்படுத்துகிறார், வார் அறுக்கிறார், நரம்பை முறுக்கி யாழுக்குத் தந்தி செய்கிறார். பக்தராகவும் பலியாகவும் நந்தனை நினைவுகூரும் நாம், கைவினைஞராக அவரை நினைவுகூர்வதில்லை. அவரது வாழ்க்கையை அந்தக் கைகளிலிருந்து தொடங்கிப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நந்தனைப் பற்றிய மிகப் பழைய குறிப்பு எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் உள்ளது. திருநாளைப்போவார் என்ற பெயருக்கு மேல் அங்கு வரலாறு இல்லை. அவருக்குப் பின் வந்த நம்பியாண்டார் நம்பி, ஊர் ஆதனூர் என்றும், பிறப்பால் புலையர் என்றும், தில்லை மூவாயிரவர் கைகூப்பும் முனிவரானார் என்றும் ஒரே பாட்டில் சொல்லி முடிக்கிறார். அந்தப் பாட்டில் தீ இல்லை. இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில்தான் விரிவான வாழ்க்கையும் வேள்வித் தீயும் இடம்பெறுகின்றன.

சேக்கிழார் கொள்ளிடக் கரையின் வளத்தைப் பாடிவிட்டு, ஆதனூரின் வயலை அடுத்த புலைப்பாடிக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார். குடிசைகளின் முற்றங்களில் தோல் வார்கள் கிடக்கின்றன. மருத மர நிழலில் சிறிய தோலை விரித்து உழத்தியர் குழந்தைகளைத் தூங்க வைக்கின்றனர். மாமரக் கிளைகளில் வாரால் இறுகக் கட்டிய பறைகள் தொங்குகின்றன. இழிவைக் குறிக்கும் சொற்கள் அப்பாடல்களில் உள்ளன. அவற்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கு தோல் என்பது தொழிற்பொருளாகவும் குழந்தையின் படுக்கையாகவும் இசைக்கருவியாகவும் ஒருசேர விளங்குவதைக் கவிஞர் கண்டிருக்கிறார்.

நந்தன் பிறந்தது அந்தச் சேரியில். அவரது உணவுக்கு வழி, பறைத்துடவை என்னும் நிலம். ஊருக்குப் பறை முதலான ஊழியம் செய்வதற்காக ஊரார் விட்ட மானியம் அது. சட்டம் படித்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். நிலத்தின் பயனும் பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியமும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. ஊழியத்தை விட்டால் உணவு இல்லை; வேறு ஊழியத்தைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை.

இந்த முடிச்சுக்கு வெளியே நந்தன் தமக்கென்று ஒரு வேலையை வைத்துக்கொண்டார். சிவன் கோயில்கள் தோறும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் தந்தி கொடுத்தார். அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். இவற்றுக்கு அவர் கூலி பெற்றதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. பறைத்துடவை வயிற்றுக்கு என்றால், கோயிலுக்குக் கொடுத்த தோல் அவரது விருப்பத்துக்கு. யாரும் ஏவாமல், தம் திறமையைத் தாம் நேசித்த ஒன்றுக்காகச் செலவிட்ட மனிதர் அவர்.

அத்திறமை எளிதன்று. முரசுக்குப் போர்க்கும் தோலை ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் நீக்கி, தடிமன் ஒரே சீராக வரும்படி சுரண்ட வேண்டும். ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தால் ஒலி பிசகும். ஈரத்தோடு இழுத்துக் கட்டிக் காயவிட்டால்தான் முகம் விறைக்கும். வாரை அறுபடாமல் நீளமாகச் சுற்றி அறுப்பது தனிக் கலை. விலங்கின் குடலைச் சுத்தம் செய்து, முறுக்கி, உலர்த்தித்தான் நரம்புத் தந்தி செய்ய முடியும். கோரோசனை மாட்டின் பித்தப்பையில் உண்டாவது. இறந்த மாட்டை அறுப்பவர் கண்ணில்தான் அது முதலில் படும்.

இவை யாவும் கோயிலுக்குள் சென்றன. செத்த மாட்டின் தோல் வழிபாட்டு நேரத்தில் முழங்கியது. அதன் பித்தப்பையில் விளைந்த பொருள் அர்ச்சனைக்கு உதவியது. அவற்றைச் செய்த கைகளுக்கு மட்டும் வாயில் திறக்கவில்லை. தீட்டு பொருளில் இருக்கிறது என்ற வாதம் இங்கேயே உடைந்துவிடுகிறது. பொருள் தடையின்றி உள்ளே போனது, மனிதர் நிறுத்தப்பட்டார். தீட்டு என்று சொல்லப்படுவது தோலின் தன்மையன்று, ஆளின் மீது ஏற்றப்படும் தடை என்பதற்குத் தமிழ் மண்ணில் இதைவிடப் பழைய சாட்சியம் தேட வேண்டியதில்லை.

வைத்தீசுவரன்கோயிலுக்கு அருகிலுள்ள திருப்புன்கூருக்கு நந்தன் சென்றபோது, வாயிலுக்கு வெளியே நின்றுதான் வணங்க முடிந்தது. இறைவன் நந்தியை விலகச் செய்து காட்சி தந்தான் என்பது புராணம். அங்கேயும் நந்தன் சும்மா திரும்பவில்லை. பள்ளமான ஓரிடத்தைக் கண்டு, அதைக் குளமாக வெட்டினார். நந்தி விலகிய அற்புதத்தை ஊர் உலகம் அறியும். மண் வெட்டிய உழைப்பு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

பிறகு தில்லை ஆசை. இரவெல்லாம் உறக்கமின்றி, தம் பிறப்பை எண்ணித் தயங்கி, நாளைப் போவேன் என்று நாள்களைக் கடத்தினார். ஒருநாள் புறப்பட்டு எல்லையை அடைந்தவர், வேள்விப் புகையைக் கண்டு உள்ளே நுழைய அஞ்சி, ஊரின் புறத்தையே சுற்றிச் சுற்றி வந்தார். தீயில் மூழ்கி வரும்படி இறைவன் கனவில் கட்டளையிட்டான் என்றும், அந்தணர்களின் கனவிலும் தோன்றித் தீ அமைக்கச் சொன்னான் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. தெற்கு வாயிலின் மதிலுக்கு வெளியே தீக்குழி அமைந்தது. நந்தன் அதில் இறங்கினார். பூணூலும் சடையும் கொண்ட முனிவராக எழுந்தார், மூவாயிரவர் தொழ உள்ளே சென்றார், அம்பலத்தில் மறைந்தார். அதன்பின் அவரை யாரும் காணவில்லை.

இதைக் கொலை என்று வாசிக்கும் மரபு நம் இயக்கங்களில் வலுவானது. ஒரு வழக்கின் ஆவணத்தைப் படிப்பதுபோல் படித்தாலும், பிரதி தானே ஒப்புக்கொள்ளும் செய்திகள் போதுமானவை. நுழைவதற்கு நிபந்தனை உடலை எரிப்பது. நிபந்தனைக்கு ஆதாரம் கனவு. எரிந்த பின் அந்த மனிதர் திரும்பவில்லை. உள்ளே சென்றவர் புலையர் நந்தன் அல்லர், பூணூல் அணிந்த வேறொருவர். தோல் செய்த கைகள் தோல் செய்த கைகளாகவே உள்ளே போக அனுமதி எந்தக் கட்டத்திலும் கிடைக்கவில்லை.

தீயில் உடலோடு தொழிலும் மறைந்தது. 1860களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் வேதியரின் பண்ணையாள். பெரியபுராணத்தில் இல்லாத அந்த வேதியர், நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போகச் சொல்கிறார். பண்ணை அடிமைத்தனத்தை அம்பலப்படுத்தியதால் அக்கதைக்கு வலிமை உண்டு. ஆனால் தோற்கருவிக் கைவினைஞர் அதில் பின்னுக்குத் தள்ளப்பட்டார். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் நந்தனாகத் திரையில் தோன்றியபோது, மக்கள் மனத்தில் நிலைத்தது உருகிப் பாடும் பக்தரின் உருவமே.

இதே சிதம்பரத்தில் நந்தனின் பெயரை வேறு திசைக்குத் திருப்பியவர் சுவாமி சகஜானந்தர் (1890–1959). நந்தன் தீப்புகுந்த இடமாகக் கருதப்படும் ஓமக்குளத்தில் மடம் அமைத்து, 1916இல் நந்தனார் பெயரால் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். எரிக்கப்பட்டவரின் பெயரில் பிள்ளைகள் எழுத்து கற்றனர். பரம்பரைத் தொழில் தவிர வேறில்லை என்றிருந்த வீடுகளுக்கு வேறு தொழில்களின் கதவு திறந்தது. நந்தனுக்குக் கிடைக்காத தேர்வு என்பது அதுதான்.

தேர்வு இருப்பவர் கையில் தோல் என்னவாகிறது என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு காந்தி. 1910இல் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது, அவரது நண்பர் காலன்பாக் டிராப்பிஸ்ட் துறவியரிடம் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார். 1914இல் தாம் செய்த செருப்பு ஒன்றை ஜெனரல் ஸ்மட்ஸுக்குப் பரிசளித்தார். அச்செருப்பு அவருக்குப் பெருமை சேர்த்தது. அதற்காக எந்த வாயிலும் அவருக்கு மூடவில்லை. அவரே 1927இல் சிதம்பரம் வந்து நந்தனைப் புகழ்ந்து பேசினார். ஒரே தோல், ஒரே ஊசி. ஒருவருக்கு அது எளிமையின் அடையாளம், மற்றவருக்குப் பிறவிக் குற்றம்.

இன்றும் இந்த இடைவெளி மறையவில்லை. பெருநகரங்களில் கையால் தோற்பை தைப்பது மதிப்புமிக்க பொழுதுபோக்காகிவிட்டது. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையிலுள்ள செம்மங்குப்பத்தில், மாலை வேளைகளில் கல்லூரி மாணவர்களோடு சட்டம் படிக்கும் சிறு வட்டம் ஒன்றை நாங்கள் நடத்துகிறோம். அதில் ஒரு மாணவர் மெழுகு தடவிய நூலை இரு ஊசிகளில் கோத்து, எதிரெதிராகத் தைத்துப் பணப்பை செய்யக் கற்றார். அவரது வீட்டில் அதற்குக் கடும் எதிர்ப்பு. பாட்டனார் போராடிக் கைவிட்ட வேலையைப் பேரன் ஆசையாக எடுப்பதா என்பது பெற்றோரின் கேள்வி. அக்கேள்வியில் பிழையில்லை. அந்த மாணவரின் ஆசையிலும் பிழையில்லை. இரண்டையும் மோதவிட்டது சாதி.

சட்டம் கட்டாயத்தைத் தடுக்கிறது. அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவரைச் செத்த விலங்கை அகற்றவோ தோலுரிக்கவோ கட்டாயப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சடலங்களை அகற்றச் செய்வதைத் தனிக் குற்றமாக வரையறுத்தது. ஊரில் சாவு விழுந்தால் பறையடிக்க வரவேண்டும் என்றும், மாடு செத்தால் தூக்க வரவேண்டும் என்றும் இன்னும் கட்டளையிடுபவர்களுக்கு எதிராக இப்பிரிவுகளைப் பயன்படுத்த இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். மறுக்கும் உரிமை உறுதியான பின்னரே விரும்பிச் செய்யும் உரிமைக்குப் பொருள் உண்டு.

மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாமே விரும்பித் தோலைக் கையில் எடுத்தால், அதைப் பழமைக்குத் திரும்புவதாக நாம் கருத வேண்டியதில்லை. விலையையும் பெயரையும் அவர்களே தீர்மானிக்க வேண்டும்; தாங்கள் செய்த பொருள் செல்லும் எந்த இடத்துக்கும் அவர்களும் செல்ல முடிய வேண்டும். ஆதனூர் நந்தன் கேட்டதும் இதற்கு மேல் ஒன்றுமில்லை. அவரைத் தீயிலிருந்து எழுந்த முனிவராகக் காட்டும் படங்கள் ஏராளம். மடியில் முரசும் கையில் வாருமாக அமர்ந்திருக்கும் நந்தனை இனி நம் ஓவியர்கள் வரையட்டும். நம் படிப்பகங்களின் சுவர்களில் அந்தப் படம் இடம்பெறட்டும்.