கணவருக்குப் பேராசிரியர் பதவி... மனைவிக்கு உதவியாளர் வேலை... நோபல் வென்ற கெர்ட்டி கோரியின் கதை!

பஸ் கிளம்பிடுச்சு. பின்னாடியே ஓடுறீங்க. காலையிலிருந்து எதுவும் சாப்பிடலை. ஆனாலும் அந்த நேரத்துல கால்களுக்கு எங்கிருந்தோ சக்தி வந்துடுது, இல்லையா? அது எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கவே வாழ்க்கையைக் கொடுத்தவர் கெர்ட்டி கோரி.

1896-ல் பிராக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் கெர்ட்டி. அப்பாவுக்குச் சர்க்கரை ஆலையில் நிர்வாகி வேலை. மகளும் பின்னாளில் சர்க்கரையைத்தான் ஆராய்ந்தார்! 16 வயதில் டாக்டருக்குப் படிக்க ஆசை வந்தது. ஆனால், லத்தீன், கணிதம், இயற்பியல், வேதியியல் என எதுவும் நுழைவுத் தேர்வுக்குப் போதுமான அளவு படித்திருக்கவில்லை. விடுவாரா? பல வருஷப் பாடங்களைச் சுமார் ஒரே வருஷத்தில் படித்து முடித்து, 1914-ல் மருத்துவம் சேர்ந்தார். அங்கே கிடைத்த நண்பர் கார்ல் கோரி. லேப், மலையேற்றம் என எங்கேயும் இருவரும் சேர்ந்தேதான். 1920-ல் பட்டம், அதே வருஷம் கல்யாணம்.

முதல் உலகப்போர் முடிந்திருந்த வியன்னாவில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. குழந்தைகள் மருத்துவமனையில் வேலை பார்த்த கெர்ட்டிக்குச் சத்துக்குறைவால் கண்ணே பாதிக்கப்பட்டது. 1922-ல் இருவரும் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போனார்கள்.

புது நாட்டில் புதுப் பிரச்னை. புருஷனும் பொண்டாட்டியும் ஒரே லேபில் வேலை செய்யக் கூடாது என்றார்கள். கார்லைக் கூப்பிட்ட ஒரு பல்கலைக்கழகம், மனைவியோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்வதை நிறுத்தணும்னு கண்டிஷன் போட்டது. கணவரின் முன்னேற்றத்தைக் கெடுக்கிறாய் என்று கெர்ட்டியிடம் நேரிலேயே சொன்னார்கள். கார்ல் அந்த வேலையே வேண்டாம் என்றுவிட்டார்.

இத்தனைக்கும் நடுவில், 1929-ல் இருவரும் ஒரு சுழற்சியை விளக்கினார்கள். தசை கடுமையாக உழைக்கும்போது உருவாகும் லாக்டிக் அமிலம் கல்லீரலுக்குப் போய், திரும்பவும் சர்க்கரையாகி, தசைக்கே வந்து சேர்கிறது. இன்றும் இதன் பெயர் 'கோரி சுழற்சி'.

1931-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் கார்லைத் துறைத் தலைவராக்கியது. அதே தகுதியுள்ள கெர்ட்டிக்குக் கொடுத்தது குறைந்த சம்பளத்தில் உதவியாளர் வேலை!

அந்த வேலையில் இருந்துதான் பெரிய கண்டுபிடிப்புகள் வந்தன. நம் தசையில் சர்க்கரை, கிளைக்கோஜன் என்ற நீளமான சங்கிலியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு கண்ணியாகக் கழற்றி, அதில் ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடும் நொதியின் பெயர் பாஸ்பாரிலேஸ். அதுவும் ஒரு புரதம்தான். இந்தப் புரதத்துக்கு இரண்டு வடிவங்கள் இருப்பதை கோரி லேப் கண்டுபிடித்தது. ஒன்று சுறுசுறுப்பு, இன்னொன்று தூங்குமூஞ்சி. முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிடும் வேறொரு நொதியும் சிக்கியது. புரதத்திலிருந்து ஏதோ ஒரு சின்னத் துண்டு கழன்று போகிறது என்று கெர்ட்டி சந்தேகித்தார். அந்தத் துண்டு எது என்பது மட்டும் பிடிபடவில்லை.

1947-ல்தான் கெர்ட்டிக்கு முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அதே வருஷம் நோபல் பரிசும்! கணவரோடும் அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஹூசேயோடும் பகிர்ந்துகொண்டார். மருத்துவ நோபல் பெற்ற முதல் பெண் இவர்தான்.

ஆனால், பரிசு வாங்கக் கிளம்பும் முன்பே தெரிந்துவிட்டது, எலும்பு மஜ்ஜையில் குணப்படுத்த முடியாத நோய் என்று. அடுத்த 10 வருஷம் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டு லேபுக்கு வந்தார். முடியாதபோது படுக்க, அறையிலேயே ஒரு கட்டில். அந்த நிலையிலும், பிறவியிலேயே ஒரு நொதி இல்லாமல் போவதுதான் குழந்தைகளுக்கு வரும் ஒரு கிளைக்கோஜன் நோய்க்குக் காரணம் என 1952-ல் நிரூபித்தார்.

அந்த மர்மத் துண்டு? கோரி லேபில் பயிற்சி பெற்ற எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷருடன் சேர்ந்து 1950-களின் நடுவில் விடை கண்டார். அது பாஸ்பேட்! ஒரு நொதி அதைப் புரதத்தின் மேல் லேபிள் மாதிரி ஒட்டினால் புரதம் 'ஆன்'. இன்னொரு நொதி பிய்த்தெடுத்தால் 'ஆஃப்'. பஸ்ஸைத் துரத்தும்போது உங்க கால் தசையில் ஒட்டப்படுவதும் இந்த லேபிள்தான். ஆனால், லேபிள் ஒட்டினால் எல்லாப் புரதமும் 'ஆன்' ஆகாது. சிலது 'ஆஃப்' ஆகும். செல்லுக்குள் ஏகப்பட்ட வேலைகள் இப்படித்தான் நடக்கின்றன. லேபிள் ஒட்டும் நொதி அடங்காமல் போனால் புற்றுநோய் வரலாம். அதைத் தடுக்கும் இமாட்டினிப் போன்ற மருந்துகள் இன்று பலரை வாழவைக்கின்றன. கிரெப்ஸும் ஃபிஷரும் 1992-ல் நோபல் வாங்கினார்கள்.

அதைப் பார்க்க கெர்ட்டி இல்லை. 1957 அக்டோபரில், 61 வயதில் இறந்துபோனார். 2008-ல் அமெரிக்கா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில், பாஸ்பேட் ஒட்டிய சர்க்கரையின் வேதியியல் அமைப்பையும் வரைந்திருந்தார்கள். என்ன, அதை வரைந்ததில் ஒரு தப்பு! கெர்ட்டி பார்த்திருந்தால், முதல் வேலையாகப் பேனாவை எடுத்துத் திருத்தியிருப்பார்.