யந்திரத்தோடு பேச வழி வகுத்தவர்

கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்ப்பவர்களின் மேஜையில் இப்போது ஒரு விசித்திரக் காட்சியைக் காணலாம். கறுப்புத் திரை. அதில் படமில்லை, பொத்தானில்லை. ஒரு சின்னஞ்சிறு கோடு மட்டும் கண் சிமிட்டிக் கொண்டிருக்கிறது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய கணக்கு இன்று ஏன் நின்று போயிற்று, கொஞ்சம் பார்த்துச் சொல் என்று, வீட்டுப் பிள்ளையிடம் கேட்பது போல அவர் ஒரு வரியை டைப் அடிக்கிறார். யந்திரம் பைல்களைத் தானே திறந்து பார்க்கிறது. தவறு இன்ன இடத்தில் இருக்கிறது என்று எழுதிக் காட்டுகிறது. திருத்தட்டுமா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது!

கேள்வியும் எழுத்து, பதிலும் எழுத்து. முகம் தெரியாது, குரல் கேட்காது. மனிதனுக்கும் யந்திரத்துக்கும் இப்படி ஒரு சம்பாஷணை நடக்கும் என்று 1950-ம் ஆண்டிலேயே எழுதி வைத்தார் ஓர் ஆங்கிலேயர். அவர்தான் கணித மேதை ஆலன் டூரிங். அவரைப் பெற்றெடுத்த தாயார் பிறந்த ஊர், கோயமுத்தூரை அடுத்த நம் போத்தனூர்!

போத்தனூரில் பிறந்த தாய்

தாயார் பெயர் எதெல் ஸாரா ஸ்டோனி. அவருடைய தகப்பனார் மதராஸ் ரயில்வேயின் தலைமை எஞ்சினீயர். துங்கபத்திரை மீது பாலம் கட்டியவர். பங்கா இழுக்கும்போது கிரீச்சென்று சத்தம் போடாமலிருக்க ஒரு சக்கரத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பேடண்டும் வாங்கியவர். யந்திரப் பித்து அந்தக் குடும்பத்துச் சொத்து போலும்.

எதெல் கைப்பிடித்த ஜூலியஸ் டூரிங், சென்னை ராஜதானியில் ஐ.ஸி.எஸ். அதிகாரி. மூத்த மகன் ஜான் 1908-ல் குன்னூரில் பிறந்தான். இளையவன் ஆலன் பிறந்தது 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி, லண்டனில். நம் நாட்டு வெயில் குழந்தைகளுக்கு ஆகாது என்று நினைத்தார்கள் பெற்றோர். இருவரையும் கடற்கரை ஊர் ஒன்றில், ஓய்வு பெற்ற ராணுவ கர்னல் ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அந்நாளைய வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகள் பலருக்கும் இதே கதிதான். தாயின் பிறந்த மண்ணை மகன் அறியாமலே வளர்ந்தான்.

பதின்மூன்று வயதில் ஷெர்போர்ன் பள்ளிக்கூடத்தில் சேரப் புறப்பட்டபோது, 1926-ம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தால் ரயில் ஓடவில்லை. பையன் சைக்கிளை எடுத்தான். அறுபது மைல்! வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, மறுநாள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றான். ஆனால், கோழிக் கிறுக்கல் எழுத்தும் மைக்கறை படிந்த சட்டையுமாகத் திரிந்த அவனை வாத்தியார்களுக்குப் பிடிக்கவில்லை.

அங்கே அவனுக்குக் கிடைத்த ஒரே ஆத்ம நண்பன் கிறிஸ்டபர் மார்க்கம். விஞ்ஞானத்திலும் வான சாஸ்திரத்திலும் இருவருக்கும் ஒரே ஆசை. 1930 பிப்ரவரியில் க்ஷய ரோகம் அந்தப் பையனைக் கொண்டுபோய்விட்டது. உடல் போன பின் மனம் என்ன ஆகிறது, மனம் என்பது உடலில் எப்படிக் குடியிருக்கிறது என்று நண்பனின் தாயாருக்கு எழுதிய கடிதங்களில் ஆலன் துருவித் துருவி யோசித்தான். பிற்காலத்தில் யந்திரத்துக்கு மனம் உண்டா என்று அவர் கேட்டதற்கும் இந்தச் சோகத்துக்கும் தொடர்பு உண்டென்று சொல்வோர் உண்டு.

காகித நாடா

கேம்பிரிட்ஜில் படித்து, 22 வயதிலேயே கிங்ஸ் கல்லூரியின் பெல்லோ ஆனார் டூரிங். 1936-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் கற்பனை செய்த யந்திரம் மிகச் சாதாரணமானது. கட்டம் கட்டமாகப் பிரித்த ஒரு நீண்ட நாடா. ஒரு சமயத்தில் ஒரே ஒரு கட்டத்தைப் பார்ப்பது, எழுதுவது, அழிப்பது, இடமோ வலமோ நகருவது. அவ்வளவுதான்! ஆனால், வேறு எந்த யந்திரத்துக்கான கட்டளைகளையும் நாடாவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், இந்த ஒரு யந்திரமே அந்த யந்திரமாகவும் மாறி வேலை செய்யும் என்று காட்டினார். பல வேலைக்குப் பல யந்திரம் வேண்டாம். கட்டளையை மாற்றினால் போதும். இன்றைய கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் இதுவே வித்து.

1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டது. மறுநாளே டூரிங் பிளெட்ச்லி பார்க் என்ற ரகசிய மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தார். எனிக்மா யந்திரத்தால் ஜெர்மானியர் அனுப்பிய சங்கேதச் செய்திகளை உடைப்பது அங்கே வேலை. போலந்து நாட்டுக் கணித நிபுணர்கள் முன்பே வழி காட்டியிருந்தார்கள். அதைத் தொடர்ந்து டூரிங் வேறொரு யந்திரத்தை வகுத்தார். கார்டன் வெல்ச்மன் அதை மேலும் சீர்படுத்தினார். யுத்த முடிவில் இத்தகைய யந்திரங்கள் சுமார் 200 ஓடிக்கொண்டிருந்தன. அட்லாண்டிக்கில் உணவுக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்த நீர்மூழ்கிகள் எங்கே பதுங்கியிருக்கின்றன என்பது கடற்படைக்குத் தெரிய வந்தது. 1941 அக்டோபரில் ஆள் பற்றாக்குறையால் வேலை தேங்கியபோது, டூரிங்கும் மூன்று சகாக்களும் மேலதிகாரிகளைத் தாண்டிப் பிரதம மந்திரி சர்ச்சிலுக்கே கடிதம் எழுதினார்கள். கேட்டதெல்லாம் உடனே கொடுக்கும்படி சர்ச்சில் உத்தரவிட்டார்.

மனிதர் மட்டும் ஒரு விநோதப் பிறவி. மகரந்தத் தூள் மூக்கில் ஏறித் தும்மல் வராமலிருக்க, விஷவாயு முகமூடியை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போவார். தேநீர்க் கோப்பையைச் சங்கிலியால் கட்டிப் பூட்டி வைப்பார். பணத்தின் மதிப்பு போய்விடுமென்று பயந்து வெள்ளிக் கட்டிகளைப் புதைத்தார். பிறகு தோண்டிப் பார்த்தார், இடம் தெரியவில்லை! ரகசியங்களையெல்லாம் உடைத்தவருக்குத் தம் ரகசியம் மட்டும் அகப்படாமல் போயிற்று.

எஜமானர்களின் மந்திர பாஷை

யுத்தம் முடிந்ததும் கம்ப்யூட்டர் கட்டும் திட்டத்தில் இறங்கினார். 1947 பிப்ரவரியில் லண்டன் கணிதச் சங்கத்தில் அவர் செய்த பிரசங்கத்தை இன்று படித்தால் மலைப்பாக இருக்கிறது. டெலிபோன் கம்பி வழியே தூரத்திலிருந்தபடியே கம்ப்யூட்டரை இயக்கலாம் என்றார். கட்டளை எழுதுவோரின் வேலையும் ஒரு நாள் வழக்கமாகிப் போய்விட்டால், அதையும் யந்திரமே செய்துகொள்ளும் என்றார். அப்போது பிழைப்பு போய்விடுமே என்று அஞ்சி, அவர்கள் பிறருக்குப் புரியாத மந்திர பாஷையைத் திரையாகப் போட்டுக்கொள்ளக் கூடும் என்று எச்சரிக்கவும் செய்தார். இன்று எத்தனை ஆபீஸ்களில் இந்தக் கவலை நடமாடுகிறது!

ஒருபோதும் தவறு செய்யாத யந்திரம் புத்திசாலியாக இருக்க முடியாது என்பதும் அன்று அவர் சொன்னதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மந்திர பாஷையை அவரே எழுதவும் நேர்ந்தது. 1948-ல் மான்செஸ்டர் சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே நிறுவப்பட்ட பெரான்டி யந்திரத்துக்கு 1951-ல் அவர் எழுதிய கையேட்டின்படி, டெலிபிரிண்டரின் 32 குறிகளிலேயே கட்டளைகளை எழுத வேண்டும். எண்களைத் தலைகீழாக, சிறிய இலக்கத்திலிருந்து தொடங்கி எழுத வேண்டும். பூஜ்யத்துக்கு அடையாளம் ஒரு சாய்வுக்கோடு! பக்கம் பக்கமாகச் சாய்வுக்கோடுகள் விழுவதைப் பார்த்து, மான்செஸ்டர் மழை ஜன்னலில் வழிவது போலிருக்கிறதென்று கேலி செய்தார்களாம். டூரிங்குக்கு அது தாய்மொழி போல ஓடியது. மற்றவர்கள் தவித்தார்கள்.

யந்திரத்தின் பாஷையை மனிதன் கற்க வேண்டியிருந்த அதே காலத்தில், மனிதனின் பாஷையை யந்திரம் கற்பதைப் பற்றியும் அவர் சிந்தித்தார். 1950 அக்டோபரில் மைண்ட் என்ற தத்துவ ஏட்டில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஓர் அறையில் கேள்வி கேட்பவர். வேறிடத்தில் ஒரு மனிதரும் ஒரு யந்திரமும். நடுவில் டெலிபிரிண்டர். டைப் அடித்த பதில்களை மட்டும் வைத்து, எது யந்திரம் என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும்.

மாதிரிக்கு ஒரு கூட்டல் கணக்கும் போட்டுக் காட்டினார். 34957-ஐயும் 70764-ஐயும் கூட்டச் சொல்ல, அரை நிமிஷம் யோசித்து 105621 என்று பதில் வருகிறது. கூட்டிப் பாருங்கள், நூறு குறையும்! மனிதனைப் போல நடிக்க வேண்டுமானால் யந்திரம் வேண்டுமென்றே தப்புச் செய்ய வேண்டியிருக்கும் என்று அதே கட்டுரையில் அவர் எழுதியிருக்கிறார். இந்நாளைய யந்திர உதவியாளர்கள் வேண்டுமென்று இல்லாமலே, துளியும் தயக்கமின்றித் தவறாகச் சொல்வதுண்டு. அது எழுதித் தந்த கட்டளையை ஒருமுறை படித்துப் பார்க்காமல் தட்டிவிட்டால், வேண்டிய பைலே அழிந்து போகலாம். நூறு குறைகிறதா என்று பார்க்கும் வேலை இன்னும் மனிதனுடையதே.

துயர முடிவு

1952 ஜனவரியில் டூரிங் வீட்டில் திருடு போயிற்று. புகார் கொடுத்தவர் அவரே. விசாரணையில், அவருக்கு ஓர் ஆணோடு இருந்த உறவு வெளிப்பட்டது. அந்நாளில் அது இங்கிலாந்தில் குற்றம். அவர் எதையும் மறைக்கவில்லை. சிறையா, உடலைக் கெடுக்கும் ஹார்மோன் மருந்தா என்றது சட்டம். ஒரு வருஷம் மருந்தை ஏற்றுக்கொண்டார். சர்க்காரின் ரகசிய வேலைக்கும் அவர் தகுதியற்றவரானார். நாட்டுக்காக அவர் செய்ததைச் சொல்லிக் கோர்ட்டில் வாதாடவும் வழியில்லை, அதுதான் ரகசியமாயிற்றே!

1954 ஜூன் 7-ந் தேதி, 42 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கையில், சயனைட் விஷத்தால் மாண்டார். படுக்கையருகே பாதி தின்ற ஆப்பிள் கிடந்தது. தற்கொலை என்று தீர்ப்பாயிற்று. தாயார் அதை ஒப்பவில்லை; ரசாயனப் பரிசோதனையில் நேர்ந்த கவனப்பிழை என்றே சாதித்தார். 1959-ல் மகனின் சரித்திரத்தை அந்த அம்மாள் புத்தகமாக எழுதினார். யுத்த காலத்தில் மகன் என்ன செய்தான் என்பதை எழுத முடியவில்லை. பிளெட்ச்லி ரகசியம் உலகுக்குத் தெரியத் தொடங்கியது 1974-ல்தான். இரண்டு வருஷத்தில் அவரும் கண்ணை மூடினார்.

டூரிங்கைத் தண்டித்த சட்டம் 1967-ல் இங்கிலாந்தில் தளர்த்தப்பட்டது. 2009-ல் பிரதம மந்திரி கார்டன் பிரவுன் அரசாங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். 2013-ல் ராணியின் மன்னிப்பு வந்தது. 2021-ல், டூரிங்கின் பிறந்த நாளன்று, அவர் உருவம் பொறித்த ஐம்பது பவுன் நோட்டு வெளியாயிற்று. நோட்டில் ஒரு காகித நாடா சுருண்டு ஓடுகிறது. அதிலுள்ள பூஜ்யங்களையும் ஒன்றுகளையும் கூட்டிப் படித்தால் வருவது, அவர் பிறந்த தேதி.