தொடுகோடு கண்ட நியாயாதிபதி

நுண்கணிதம் பயிலப் புகும் மாணவர் பலரும் ஓரிடத்தில் தயங்கி நிற்பதுண்டு. சிறியதோர் அளவால் வகுத்துவிட்டு, மறுகணமே அவ்வளவை இல்லையென்று தள்ளிவிடுதல் நியாயமோ என்பதே அத்தயக்கம். இவ்வழியை முதலிற் காட்டியவருள் தலையாயவர் நியாயத் தலத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர் என்பது வியப்பே.

அவர்தாம் பியேர் டி பெர்மா. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சு தேசத்தின் தென்பாகத்தில், தோல் வணிகர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். சட்டம் கற்று, 1631-இல் தூலூஸ் நகர உயர்நீதி மன்றத்தில் பதவியேற்றார். கணிதம் அவருக்கு ஓய்வுநேர இன்பமேயன்றிப் பிழைப்பன்று. கண்டவற்றை நூலாக்கி வெளியிட மாட்டார். நண்பர்க்குக் கடிதத்தில் எழுதுவார். அதிலும் முடிவைக் கூறி வழியை மறைப்பதே பெரும்பாலும் வழக்கம். இதனால் அவர் பட்ட தொல்லை சிறிதன்று.

வட்டத்தை ஒரே புள்ளியில் தொட்டுச் செல்லும் கோட்டைப் பண்டைக் கிரேக்கர் நன்கறிவர். ஆயின் நெளிந்து செல்லும் வளைகோட்டை ஓரிடத்தில் தொடும் கோடு வேறோரிடத்தில் அதனை வெட்டவுங் கூடும். ஆகவே ஒரு புள்ளியில் மட்டும் தொடுவது என்னும் இலக்கணம் அங்கே செல்லாது. வளைகோடு தோறும் தனித்தனி உபாயம் தேடவேண்டியிருந்தது. எல்லாவற்றிற்கும் பொதுவான ஒரு வழியைப் பெர்மா 1629 அளவிலேயே கண்டுகொண்டார்.

இக்காலத்துக் குறியீட்டில் அதனைக் கூறுவோம். ஓர் எண்ணின் வர்க்கத்தை உயரமாகக் கொண்டு பரவளையம் ஒன்று வரைக. 3 என்னுமிடத்தில் உயரம் 9. அங்கிருந்து 'எ' என்னும் சிற்றளவு நகர்ந்தால், உயரம் 9-உடன் ஆறு எ-யும் எ-யின் வர்க்கமும் சேர்ந்ததாகும். உயர்ந்த அளவை நகர்ந்த அளவால் வகுப்பின், 6-உம் எ-யும் கூடிய தொகை கிடைக்கும். இது வளைகோட்டை இரு புள்ளிகளில் வெட்டும் கோட்டின் சாய்வு. இரண்டாம் புள்ளி முதற்புள்ளியை நெருங்க நெருங்க எ தேய்ந்து மறைய, 6 எஞ்சி நிற்கும். அதுவே தொடுகோட்டின் சாய்வு. அவ்விடத்து வகைக்கெழு என்று நாம் வழங்குவதும் அதுவே. பெர்மா இதனைச் சாய்வென்று கூறாது, முக்கோணங்களின் ஒப்புமையால் ஒரு நீளமாகக் கணக்கிட்டார். எ-யால் வகுத்தலும் பின் அதனை நீக்குதலும் அவர் செய்தவையே.

ஒரு கோட்டை இரு கூறாக்கி, அக்கூறுகளின் பெருக்கற்பலன் மிகப்பெரிதாக வேண்டின் எங்கே பிரிப்பது என்பதையும் இதே எ-யைக் கொண்டு கண்டார். உச்சியில் தொடுகோடு சாயாமல் கிடைமட்டமாய் நிற்குமாதலின், இரு வினாவும் உள்ளே ஒன்றேயாம்.

1638-இன் தொடக்கத்தில் இம்முறை டேக்கார்ட்டின் கைக்கு எட்டியது. அவர் வேறொரு முறையைத் தம் நூலில் 1637-இல் வெளியிட்டுப் பெருமிதத்தோடிருந்த காலம் அது. மேலும், ஒளியைப் பற்றிய அவர் நூலைப் பெர்மா குறை கூறியிருந்தார். சினந்த டேக்கார்ட்டு, பெர்மாவின் விடை தற்செயலாய் வாய்த்ததென இகழ்ந்தார். ரோபர்வாலும் எத்தியேன் பாஸ்காலும் பெர்மாவின் பக்கம் நின்று வாதாடினர். இலைவடிவாய்ச் சுருளும் ஒரு வளைகோட்டைக் கொடுத்து, இதற்குத் தொடுகோடு வரைக என்று டேக்கார்ட்டு அறைகூவினார். பெர்மா எளிதில் வரைந்து காட்டினார். டேக்கார்ட்டு இணங்க நேர்ந்தது, மனக்கசப்போ தீரவில்லை.

டேக்கார்ட்டின் பக்கமும் நியாயம் அறவே இல்லையென்று சொல்லற்கில்லை. எ-யை ஏன் தள்ளலாம் என்பதற்குப் பெர்மா தெளிந்த காரணம் எங்கும் தரவில்லை. எல்லை என்னும் கருத்தைக் கோஷி 1821-இல் வரையறுத்து நூலெழுதிய பின்னரே அதற்கு உறுதியான அடிப்படை அமைந்தது.

1653-இல் கொள்ளைநோயாற் பெர்மா இறந்தாரெனத் தவறாகச் செய்தி பரவிற்று. பிழைத்தெழுந்து பின்னும் பல்லாண்டு பணியாற்றினார். 1665 ஜனவரி 12-இல், நீதிமன்ற அலுவலாய்ச் சென்றிருந்த காஸ்திர் நகரில் காலமானார். அதே ஆண்டில் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கேம்பிரிட்ஜை விட்டு வீடு சென்ற நியூட்டன் என்னும் இளைஞர், அங்கே நுண்கணிதத்தை வளர்க்கலானார். பெர்மாவின் கட்டுரைகளை அவர் மைந்தர் 1679-இல் தொகுத்து அச்சிட்டார். தொடுகோடு வரையும் பெர்மாவின் வழியிலிருந்தே தமக்குக் குறிப்புக் கிடைத்ததென்று நியூட்டன் எழுதிவைத்த கடிதமோ, 1934-இல்தான் உலகறிய வெளிவந்தது.