கால்மணி நேரக் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலப் புதின ஆசிரியர்களுள் சிறப்பிடம் பெற்றவர் ஆந்தனி டிரோலப். முப்பத்து மூன்று ஆண்டுகள் அஞ்சல்துறையில் அலுவல் புரிந்தவர். 47 புதினங்களைப் படைத்தவர். எனினும், இளமையில் சோம்பலுக்கும் காலந்தாழ்த்தலுக்குமே அவர் பெயர் பெற்றிருந்தார். அந்நிலையிலிருந்து அவர் மீண்ட வரலாறு, செயலைத் தள்ளிப்போடும் இயல்புடைய எவர்க்கும் பயன் தரவல்லது.

தாழ்த்திய காலம்

டிரோலப் 1815ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். வழக்கறிஞரான தந்தை தொழிலில் தோற்று, உழவிலும் தோற்றுக் கடனில் மூழ்கினார். ஹாரோ, வின்செஸ்டர் ஆகிய புகழ்மிக்க பள்ளிகளில் பயின்றும், வறுமையால் சிறுவன் டிரோலப் உடன்பயில்வோரின் ஏளனத்திற்கு ஆளானான். குடும்பத்தைத் தாங்கியவர் தாய் பிரான்சஸ். ஐம்பது வயதைக் கடந்தபின் எழுதத் தொடங்கிய அவ்வம்மையார், நோயுற்ற கணவரையும் மகனையும் பேணியவாறே நூல்களை எழுதி இல்லத்தை நடத்தினார்.

1834ஆம் ஆண்டு டிரோலப் லண்டன் தலைமை அஞ்சல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். குறித்த நேரத்தில் அலுவலகம் வருவது அவரிடம் அரிதாயிருந்தது. கடன் பெருகியது, மேலதிகாரிகளின் கண்டனம் தொடர்ந்தது. புதினம் எழுத வேண்டும் என்னும் விருப்பம் உள்ளத்தில் இருந்தும், லண்டனில் கழிந்த ஏழாண்டுகளில் ஒரு புதினத்தையும் அவர் தொடங்கவில்லை.

அயர்லாந்தில் தொடக்கம்

1841ஆம் ஆண்டு, பிறர் விரும்பாத ஒரு பணியைத் தாமே கேட்டுப் பெற்று அவர் அயர்லாந்து சென்றார். லண்டனிலிருந்து வந்த அறிக்கை அவரைப் பற்றி நல்லது ஒன்றும் கூறவில்லை. ஆயினும், புதிய மேலதிகாரி அவருடைய பணியைக் கண்டே மதிப்பிட முன்வந்தார். ஊர் ஊராகக் குதிரையில் சென்று அஞ்சல் வழிகளை ஆராயும் அப்பணி அவருக்கு ஊக்கமளித்தது. 1843இல் லெய்ட்ரிம் பகுதியில் பாழடைந்த மாளிகை ஒன்றைக் கண்டபோது அவருடைய முதற்கதை உருக்கொண்டது. நாட்டமிருந்தும் எழுதாதிருந்தவர், தம் இருபத்தெட்டாம் வயதில் எழுதுகோலை எடுத்தார்.

முதல் மூன்று புதினங்களும் வாசகரிடையே வரவேற்புப் பெறவில்லை. அவர் மனந்தளராது எழுதினார். 1855இல் வெளிவந்த 'தி வார்டன்' அவர்தம் திறனை அறிஞர்க்குக் காட்டியது. 1857இல் வந்த 'பார்செஸ்டர் டவர்ஸ்' அவர் பெயரை நிலைநாட்டியது.

கடிகாரமும் நாட்குறிப்பும்

பகலெல்லாம் அலுவல், எழுதுவதற்கு எஞ்சியது விடியற்பொழுதே. லண்டனுக்கு அருகிலுள்ள வால்தம் கிராஸில் வாழ்ந்த காலத்தில், காலை 5.30 மணிக்கெல்லாம் அவர் மேசைமுன் அமர்ந்துவிடுவார். தம்மை எழுப்பிக் காப்பி கொண்டுவரும் பொறுப்பை முதிய குதிரைக்காரரிடம் ஒப்படைத்து, அதற்கென ஆண்டுக்கு ஐந்து பவுண்டு கூடுதலாக அளித்தார். தம் வெற்றிக்கு அம்முதியவரே பெரிதும் காரணர் என்று அவர் பிற்காலத்தில் நன்றியுடன் கருதினார்.

முதல் அரைமணியில் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பின்னர்க் கடிகாரத்தை முன்னே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 சொற்கள் எழுத வேண்டும் எனத் தமக்குத் தாமே விதித்துக்கொள்வார். இரண்டரை மணி நேரத்தில் பத்துக் கால்மணிகள். அவற்றில் 2,500 சொற்கள். ஒரு புதினம் முழுவதையும் எண்ணினால் மலைப்புத் தோன்றும். அடுத்த கால்மணியை மட்டும் எண்ணினால் அம்மலைப்புக்கு இடமில்லை. 8.30 மணிக்கு எழுத்துப்பணி முடியும். அதன்பின் அலுவலகப் பணி தொடங்கும்.

அன்றன்று எழுதிய பக்கங்களை நாட்குறிப்பில் பதிவதும் அவர் வழக்கம். வாரத்திற்கு நாற்பது பக்கம் என்பது சராசரி அளவு. எழுதாத நாளின் வெற்றிடம் அவரைக் கடிந்துகொள்ளும் கண்காணியாக நின்றது. தொடர்வண்டிப் பயணத்திலும் மடிமீது பலகை வைத்துப் பென்சிலால் எழுதுவார். அதனை மனைவி ரோஸ் படியெடுத்துத் தருவார். 1858இல் எகிப்துக்குக் கடல்வழிச் சென்றபோது, உடல் நலிந்தும் 'டாக்டர் தார்ன்' புதினத்தை எழுதிவந்தார். அது முடிந்த மறுநாளே அடுத்த புதினத்தைத் தொடங்கினார்.

எழுத்தால் அலுவல் குன்றவுமில்லை. 1852இல் ஜெர்சித் தீவில் தெருவோர அஞ்சல் பெட்டிகள் நிறுவப்படுவதற்கு அவருடைய பரிந்துரையே காரணம். 1867இல் அவர் பணியிலிருந்து விலகினார், 1882இல் மறைந்தார்.

பழியும் புகழும்

மறுஆண்டு வெளிவந்த தன்வரலாற்றில் தம் எழுத்துமுறையை அவர் ஒளிக்காமல் கூறியிருந்தார். கலை அகத்தூண்டலால் பிறப்பது, கடிகாரத்தால் பிறப்பதன்று எனக் கருதியோர் அவரை எளிதாக மதித்தனர். அவருடைய புகழ் சிலகாலம் மங்கியது. எனினும், அப்புதினங்களில் வாழும் மாந்தர்கள் வாசகரை மீண்டும் ஈர்த்தனர். அவை இன்றும் படிக்கப்படுகின்றன.

லண்டன் அலுவலகத்து இளைஞருக்கும் விருப்பம் இருந்தது; திறமையும் இருந்திருக்க வேண்டும். அவரிடம் இல்லாதது, பெரிய செயலைச் சிறு கூறுகளாக்கி இன்றே தொடங்கும் முறை. அம்முறையைக் கைக்கொண்டபின், வாழ்நாளில் ஒவ்வொரு கால்மணிக்கும் அவரிடம் கணக்கு இருந்தது. நெடிய பாடமும் கடினமான பயிற்சியும் நம்முன் நிற்கும்போது, முழுநாளும் ஓய்வாகக் கிடைக்கும் என்று காத்திருத்தல் வேண்டா. கையில் உள்ள கால்மணியில் தொடங்குதலே செயலை முடிக்கும் வழியாகும்.